அமுக்கு, புடி, வுடு

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்வரிசையில் வண்டி உதிரிபாகக் கடை வைத்திருக்கும் முகம்மது கௌஸுக்குப் பிடிக்காத சொல் ஒன்றே ஒன்று உண்டு. அது கெட்ட வார்த்தை அல்ல. கெட்ட வார்த்தைகள் அவருக்குப் பிடிக்கும்; தாராளமாகப் புழங்குவார். பிடிக்காத சொல், ‘பிரேக் ஆயில்’.

பிரேக்கை மிதித்தால் குழாய் வழியாக ஓடிப்போய்ச் சக்கரத்தைப் பிடிக்கவைக்கிற திரவத்துக்கு ஊரில் எல்லாரும் வைத்திருக்கும் பெயர் அதுதான். கேட்கிறவர் ஆயில் என்பார். கடைக்காரர் அந்தச் சின்ன பாட்டிலை எடுத்துக் கொடுப்பார். வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும். ஒருவருக்கும் ஒரு குறையும் வந்ததில்லை. கௌஸ் கடையில் மட்டும் அது நடக்காது.

“பாய், பிரேக் ஆயில் ஒண்ணு குடு.”

“ஆயில் வேணும்னா செக்குக்குப் போ. கடலெண்ணெய் கீது, நல்லெண்ணெய் கீது. வாங்கிப் போயி வூட்ல வடை சுடு.”

“யோவ் பாய், பிரேக்குக்கு ஊத்துறதுய்யா.”

“அதுக்குப் பேரு இன்னா?”

“ஆயிலு.”

“போ.”

வந்தவர் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொள்வார். கௌஸ் அவர் முதுகைப் பார்த்துக் கத்துவார்: “அது ஃப்ளூயிட்டுய்யா! ஃப்ளூயிட்டு! ஆயில ஊத்துனா உள்ளாற ரப்பர் ஊதிப்பூடும், தெரியுமா?” இப்படிக் கத்திக் கத்தியே ‘ஃப்ளூயிட் பாய்’ என்று பெயர் வந்தது. வைத்தவர்கள் கேலிக்குத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

அவர் சொல்வது சரி என்பதுதான் சங்கடம். எஞ்சினுக்கோ டிராக்டருக்கோ ஊற்றுகிற ஆயில் பிரேக் குழாய்க்குள் போனால், உள்ளே இருக்கும் ரப்பர் கிண்ணங்கள் உப்பிப்போகும். பிரேக் முதலில் இறுகும்; பிறகு ஒருநாள் இல்லாமலே போகும். தப்பாகச் சொல்லிக் கோபப்படுகிறவரை நாலு பேர் சேர்ந்து அடக்கிவிடலாம். சரியாகச் சொல்லிக் கோபப்படுகிறவருக்கு எந்தக் குழாயிலும் பிரேக் கிடையாது.

அந்தச் சரியிலும் ஓர் ஓட்டை இருந்தது. இந்த வகை பிரேக் வந்த புதிதில் அதற்குள் ஊற்றியது விளக்கெண்ணெயும் ஆல்கஹாலும் சேர்ந்த கலவை. ஆகவே ஆயில் என்று சொல்லிப் பழகிய முன்னோர்கள் அப்படியொன்றும் முட்டாள்கள் இல்லை. இதை எங்கோ படித்துவிட்டு வந்து கௌஸிடம் சொன்ன கணக்கு வாத்தியாரோடு அவர் ஒரு ரம்ஜான் முழுக்கப் பேசவில்லை. பெருநாள் பிரியாணி மட்டும் தவறாமல் போயிற்று. தூக்குவாளியை வாசலில் வைத்துவிட்டு, வாத்தியாரின் கேட்டை முறைத்துவிட்டு வந்தார்.

சரியாகக் கேட்கிறவர்களோடும் அவருக்கு ஒத்துப்போனதில்லை. கல்வெட்டுப் பார்க்கப் பழைய ஹெரால்டு காரில் வந்த சென்னைக்காரர் ஒருவர் கடை வாசலில் நிறுத்தி, “பிரேக் ஃப்ளூயிட் இருக்கா?” என்று கேட்டார். கௌஸ் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அதுவரைக்கும் எல்லாம் நன்றாகவே இருந்தது.

“டாட் ஃபைவ் வேணும்,” என்று ஃப்ளூயிட்டின் ரக எண்ணைச் சொன்னார்.

“மூணு கீது, நாலு கீது. அஞ்சு இல்ல.”

“அஞ்சுதானே பெஸ்ட்?”

“இன்னா சார், பரீட்சை மார்க்கா இது, மேல போகப் போக ஒசத்தின்றதுக்கு? அஞ்சுன்றது சிலிக்கானு. மூணும் நாலும் காத்துல கீற ஈரத்தக் குடிச்சித் தன்னோட கலந்துக்கும். வருஷத்துக்கு ஒரு வாட்டி மாத்திட்டா முடிஞ்சிது. சிலிக்கான் தண்ணியச் சேத்துக்காது. பூந்த தண்ணி பள்ளம் பாத்து ஒரே எடத்துல தேங்கிக்கினு இரும்ப அரிச்சிரும்.”

“ஆனா சிந்தினா பெயிண்ட்டைக் கெடுக்காது. என் வண்டி ஒரிஜினல் பெயிண்ட்.”

இது உண்மை. அடுத்தவர் சொல்வது உண்மையாக இருந்தால் கௌஸ் வழக்கமாகச் செய்வதைச் செய்தார். “பெயிண்ட்டு வேணுமா உசுரு வேணுமா?” என்று தெரு திரும்பிப் பார்க்கக் கத்தினார். சென்னைக்காரர் “ரெண்டும்” என்று சொல்லிவிட்டுப் போய் ஆன்லைனில் வாங்கிக்கொண்டார். அடுத்த முறை அதே காரில் வந்தார். பெயிண்ட் பளபளத்தது, பிரேக் நன்றாகவே பிடித்தது. கௌஸ் அன்றைக்குக் கடையைச் சீக்கிரமாகச் சாத்திவிட்டார்.

அவரிடமும் ஒரு பழைய கார் உண்டு. அவர் அத்தா வாங்கிய அம்பாசிடர், மார்க் டூ. பஜாரிலேயே அதிகக் கோபக்காரர் ஓட்டுகிற அந்தக் கார்தான் பஜாரிலேயே மெதுவாகப் போகிற வண்டி. பால்காரர் சைக்கிள் அதை முந்திக்கொண்டு போவதை யாரும் பார்க்கலாம். அந்தக் காரில் பிரேக் ஃப்ளூயிட் ஊற்றுகிற மூடி டிரைவர் காலடியில், மிதியடிக்குக் கீழே, தரையில் இருக்கிறது. தெரியாதவர்கள் பானெட்டைத் திறந்து தேடிக்கொண்டே இருப்பார்கள். தெரிந்தவர்கள் ஊரில் மூன்று பேர்தான். கௌஸ். சாலவாக்கம் ரோட்டில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் வசந்த்குமார். மூன்றாவது ஆள், கௌஸின் மனைவி அமீனா பீவி.

அமீனாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை டிரைவர் சீட்டில் உட்காருவார், ஏர் எடுப்பதற்காக. பிரேக் குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. அந்தக் காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலில், ஒருவர் சக்கரத்துக்குப் பின்னால், நிப்பிள் என்கிற சின்னத் திருகுமூக்கில். கீழே இருப்பவர் “அமுக்கு” என்றால் மேலே இருப்பவர் நாலைந்து தரம் மிதிக்க வேண்டும். “புடி” என்றால் மிதித்தபடியே நிற்க வேண்டும். கீழே நிப்பிளைத் திறப்பார்கள், காற்று குமிழ்குமிழாக வரும், மூடுவார்கள். பிறகுதான் “வுடு.” அதற்கு முன்னால் காலை எடுத்தால், போன காற்று அதே வழியில் உள்ளே வந்துவிடும்.

இதில் மிதிப்பவர் நிதானமாக மிதிக்க வேண்டும். படபடவென்று மிதித்தால் திரவம் நுரைத்து, குமிழ்கள் பொடிப்பொடியாகி, வெளியே வரவே வராது. கௌஸ் மிதித்தால் சோப்புத் தண்ணீர் மாதிரி வரும். அமீனாவின் கால்தான் அந்த வீட்டில் நிதானமான உறுப்பு. வாழ்நாள் முழுக்கக் கணவர் சொல்லி மனைவி செய்த ஒரே காரியம் இதுதான் என்று அமீனா சொல்வார். ஒரே ஒரு காரியமாவது உண்டே என்று கௌஸ் சொல்வார்.

இந்த வருஷம் நடவு முடிந்த சமயத்தில் இருவரும் பக்கத்து ஊரான பெருநகருக்கு அமீனாவின் தம்பி வீட்டு விருந்துக்குக் கிளம்பினார்கள். அதற்குச் சில நாள் முன்பிருந்தே பெடல் கல்லு மாதிரி நிற்பதாகக் கௌஸ் கடையில் பெருமை அடித்துக்கொண்டிருந்தார். சக்கரம் சூடாகிறது, ஏதோ கருகுகிற வாடை வருகிறது என்று அமீனா சொன்னதற்கு, “அது ஊரு வாடை” என்றார். அமீனாவின் மடியில் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் தால்ச்சா ஒரு பாத்திரம் நிறைய இருந்தது. பெருநகருக்கு முன்னால் வேகத்தடை வந்தது. கௌஸ் மிதித்தார். கல்லு மாதிரி இருந்த பெடல் நேராகத் தரைக்குப் போயிற்று. எதிரே ஆடுகள். அவர் இடப்பக்கம் ஒடித்தார். அம்பாசிடர் நட்டு இரண்டு நாளான வயலில் இறங்கி நின்றது.

ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. தால்ச்சா மட்டும் அமீனாவின் புதுப் புடவையில் கழுத்திலிருந்து முழங்கால் வரைக்கும் இருந்தது. அந்த நிலையில் அவர் சேற்றில் இறங்கி நிற்கும்போது கௌஸ் சொன்ன முதல் வார்த்தை: “நீ பேசிக்கினே வந்தே. அதான்.”

அமீனா ஒரு கத்தரிக்காய்த் துண்டைத் தோளிலிருந்து எடுத்து வயலில் போட்டார். அன்றிலிருந்து கணவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். பேசினதால்தான் விபத்து என்றால், இனி விபத்தே நடக்காது அல்லவா.

வண்டியைக் கட்டி இழுத்து வசந்த்குமார் ஷெட்டுக்குக் கொண்டுபோனார்கள். வசந்த்குமார் தரைக்குக் கீழே இருந்து திரவத்தைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி, உள்ளே இருந்த ரப்பர் கிண்ணத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்தான். விரல்நுனி அளவு இருக்க வேண்டியது உப்பிக் கொழகொழத்துக் கிடந்தது.

“ஆயில் பூந்துகீது பாய்.”

கௌஸ் அதை வாங்கிப் பார்த்தார். மோந்து பார்த்தார். தன் வாழ்நாள் எச்சரிக்கை தன் வண்டியிலேயே பலித்துவிட்டதைப் பார்த்தவர் முகத்தில் துக்கம் வரவில்லை.

“கடைசியா இந்த வண்டில கைய வச்சவன் எவன்? ரெண்டு மாசம் முன்னால பின்சக்கரத்துக்கு ரப்பர் மாத்தினவன் எவன்?”

“நான்தான். ஃப்ளூயிட்டு நீ குட்த்த பாட்டிலு. உன் எதிர்லதான ஊத்துனேன்?”

“நான் டீ குடிக்கப் போயிருந்தேன்.”

“பாய், வேணாம். இந்தப் பேச்சு வேணாம்.”

பேச்சு வேண்டாம் என்று சொன்னால் கேட்கிற ஆள் கௌஸ் இல்லை. மறுநாள் காலை, பஜார் நிறைந்திருந்த நேரத்தில், டீக்கடை முன்னால் நின்று அந்த உப்பிய ரப்பரை உயர்த்திக் காட்டினார்.

“பாருங்கய்யா! இது ரப்பரா, தயிர்வடையா? ஆயில ஊத்திகீறான் வசந்து! என் வண்டில! இவன் கையில வண்டிய வுட்டவன்லாம் முன்கூட்டியே மாலை வாங்கி வச்சிக்கோங்க!”

வேறு யாராவது சொல்லியிருந்தால் பஜார் சிரித்திருக்கும். ஆயில் என்ற சொல்லுக்கே அடிக்கப் போகிற மனிதர் சொன்னதால் நம்பிற்று. பள்ளிக்கூட வேன் முதலாளி அன்றே வேனை எடுத்துக்கொண்டு போனார். மினிபஸ் போயிற்று. டிராக்டர்களும் போயின, டிராக்டர் வேகத்துக்குப் பிரேக் பிடித்தால் என்ன, பிடிக்காவிட்டால் என்ன என்று அவற்றின் சொந்தக்காரர்கள் யோசிக்கவில்லை. சில நாளில் வசந்த்குமார் ஷெட்டில் மிஞ்சியது ஒரே வண்டி. நாலு சக்கரமும் கழன்று, கட்டைமேல் நின்ற கௌஸின் அம்பாசிடர்.

அதை எடுத்துப் போகச் சொல்லி வசந்த்குமார் ஆள் அனுப்பினான். கௌஸ் போனார். போகாமல் இருந்திருந்தால் சண்டை அத்தோடு போயிருக்கும் என்பதால், போனார்.

“எட்த்துக்கினு போ பாய். சக்கரத்த மாட்டிக்கினோ, தலைமேல வச்சிக்கினோ. இந்த மாசத்தோட ஷெட்ட மூடறேன்.”

“மூடிட்டு?”

“ஒரகடத்துக் கார் ஃபேக்டரிக்குக் கம்பெனி பஸ் ஏறப் போறேன். அங்க ஒரே நட்டு, நாளெல்லாம் அதையே முடுக்கலாம். ஆயிலா தண்ணியான்னு எவனும் வந்து நடுத்தெருவுல கேக்க மாட்டான்.”

“போ! ஊருக்கு நல்லது!”

“உன் வண்டிக்கு ராத்திரி முழிச்சிக் கெடந்தேன் பாரு, என்னிய…” வசந்த்குமார் கையிலிருந்த ஸ்பேனரைச் சுவரில் எறிந்தான். அது தகரத்தில் பட்டு எழுப்பிய சத்தம் அடங்குவதற்குள் வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. ஓட்டியவர் பெஞ்சமின், கௌஸ் கடைக்குச் சரக்கு இறக்குகிறவர். அன்று சரக்கு கொடுக்க வீட்டுக்குப் போனவர், பஜாரில் நடந்ததை அமீனாவிடம் ஒன்றுவிடாமல் சொல்லியிருந்தார். வீட்டில் ஒருவரோடொருவர் பேச்சு இல்லாததால் அமீனாவுக்கு அதுவரை எதுவும் தெரியாது. முன்சீட்டிலிருந்து அமீனா இறங்கினார்.

“பாயம்மா, நீங்க இன்னாத்துக்கு இங்க?” என்றான் வசந்த்குமார்.

அமீனா கணவரைப் பார்க்கவில்லை. “வசந்து, அந்த வண்டில ஆயில ஊத்துனது நான்தான்பா.”

கௌஸ் இருக்கும் இடத்தில் சத்தம் இல்லாமல் இருப்பதைப் பெஞ்சமின் முதன்முதலாகக் கேட்டார்.

“நீயா? அறிவு கீதா உனுக்கு? எத்தினி வாட்டி சொல்லிகீறேன், ஆயில் வேற, ஃப்ளூயிட்டு வேறன்னு…”

அமீனா வசந்த்குமாரிடமே சொன்னார். “விருந்துக்குக் கொஞ்ச நாளு முன்னால அவரு மெட்ராசுக்குச் சரக்கு எடுக்கப் போயிருந்தாரு. பெருநகர்லேர்ந்து என் தம்பி வண்டி கேட்டு வந்தான். பெடல் கொஞ்சம் எறங்குது, ஏதோ ஊத்தணும் போலன்னான். நான் போன் போட்டேன். ‘கல்லாவுக்குக் கீழ கீற ஆயில எட்த்து ஊத்து’ன்னாரு. எனுக்குச் சந்தேகம். ஆயிலா, ஃப்ளூயிட்டான்னு கேட்டேன். ‘ஆயில்தான்டி! காது அவிஞ்சிப்போச்சா?’ன்னாரு.”

“பொய்! நான் என் வாயால அந்த வார்த்தையச் சொல்லுவனா?”

“பஸ்ல இருந்தாரு. மடியில பார்சல் வச்சிக்கினு இருந்தாராம். அதுக்கு லக்கேஜ் டிக்கெட்டு போடணும்னு கண்டக்டர் சொல்ல, அவரோட சண்டை. என்னியும் கண்டக்டரையும் மாத்தி மாத்தித் திட்டிக்கினு இருந்தாரு. ‘ஆயில்தான்டி’ன்றது எனுக்கு. ‘எறக்கி வுட்றா பாக்கலாம்’ன்றது அவருக்கு.”

லக்கேஜ் டிக்கெட் கௌஸுக்கு ஞாபகம் வந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது.

கல்லாவுக்குக் கீழே இரண்டு பொருள் இருந்தன. தன் வண்டிக்கென்று அவர் தனியாக எடுத்து வைத்த ஃப்ளூயிட் பாட்டில்; பக்கத்தில், டிராக்டருக்குச் சில்லறையாக விற்கும் ஹைட்ராலிக் ஆயில் டின். உத்திரமேரூரில் வேறு எந்த வீட்டுப் பெண்ணிடம் ‘ஆயில எட்த்து ஊத்து’ என்று சொல்லியிருந்தாலும், பிரேக்குக்குத்தானே என்று கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பாட்டிலை எடுத்திருப்பார். வண்டி பெருநகருக்குப் போய், தால்ச்சாவும் போய்ச் சேர்ந்திருக்கும். ஆயில் என்றால் ஆயில், ஃப்ளூயிட் என்றால் ஃப்ளூயிட் என்று தினமும் பாடம் கேட்டு வளர்ந்த வீட்டில்தான் டின்னை எடுக்க முடியும். எடுத்தார். மிதியடியைத் தூக்கி, மூடியைத் துடைத்து, ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றினார்.

“சரி, சரி,” என்றார் கௌஸ், யாரையும் பார்க்காமல். “நடந்தது நடந்துபோச்சி. வசந்து, ரப்பரப் போடு.”

வசந்த்குமார் சிரிப்பான் என்று பெஞ்சமின் எதிர்பார்த்தார். அவன் சிரிக்கவில்லை. முகம் இன்னும் இறுகிற்று.

“இங்க சொல்லாத பாய். எங்க நின்னு என் பேரக் கெடுத்தியோ அங்க நின்னு சொல்லு. டீக்கடை முன்னால. அதே நேரத்துல. ‘நான்தான் ஆயில்னு சொன்னேன்’னு.”

“அந்த வார்த்தையயா? நடுபஜார்லயா? எவன்டா நீ எனுக்கு ஆர்டர் போட?”

“அப்ப மாசக் கடைசில கம்பெனி பஸ்ஸு.”

ஆனாலும் திறந்துபோட்ட வண்டியை அப்படியே விட வசந்த்குமாருக்குக் கை வரவில்லை. வண்டி என்ன பாவம் பண்ணிச்சு என்று சொல்லிக்கொண்டே ரப்பர் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டான். ஆயில் பட்ட ரப்பர் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது என்பதால் சக்கரத்துக்குப் போகிற ஹோஸ்களையும் மாற்றினான். இரும்புக் குழாய்களை ஸ்பிரிட் ஊற்றிக் கழுவிக் காயவைத்தான். எல்லாம் முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு டீயை வாங்கி வைத்துக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்தான்.

“ஏர் எடுக்க ரெண்டு பேரு வேணும். ஒண்ணு நீ. இன்னொண்ணு தேடிக்கோ.”

கௌஸ் தனியாக எடுத்துக் காட்டுவேன் என்றார். பெடலை மிதித்துவிட்டு, அது எழாமல் இருக்க சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு கட்டையைச் செருகிவிட்டு, இறங்கி ஓடிப்போய் நிப்பிளைத் திறந்தார். கட்டை வழுக்கிற்று. காற்று ஒரு மிடறு உள்ளே போயிற்று. கட்டையைத் திட்டினார். நிப்பிளில் ஒரு டியூபை மாட்டி, அதன் முனையை ஃப்ளூயிட் இருந்த பாட்டிலில் முக்கிவிட்டு மிதித்துப் பார்த்தார். தனியாளுக்கு அது நல்ல வழிதான், நிதானமாக மிதிக்கிறவராக இருந்தால். பாட்டில் நுரைத்தது. பெடல் பஞ்சு மாதிரியே இருந்தது. பெடலையும் திட்டினார். தெருவில் போனவர்களைக் கூப்பிட்டார். எல்லாருக்கும் அவசர வேலை இருந்தது. பெஞ்சமினைக் கூப்பிட்டார்.

“எனுக்கு மூட்டு வலி பாய்,” என்று சொல்லிவிட்டுப் பெஞ்சமின் ஆட்டோவுக்குள் தாவி ஏறினார்.

கௌஸ் வீட்டுக்குப் போனார். அமீனா சமையலறையில் இருந்தார்.

“வா. பெடல் அமுக்கணும்.”

அமீனா அடுப்பைத் தணித்தார்.

“அமீனா, உன்னத்தான்.”

அமீனா ஃப்ரிட்ஜைப் பார்த்துச் சொன்னார்: “பஜார்ல சொல்லிட்டு வரச் சொல்லு.”

“ஃப்ரிட்ஜ்கிட்ட இன்னாடி பேச்சு?”

“இது பதிலுக்குக் கத்தாது.”

கௌஸ் அன்றைக்குச் சாப்பிடாமல் கடைக்குப் போனார். கடையில் யாரோ பிரேக் ஆயில் கேட்டார்கள். அவர் பேசாமல் ஃப்ளூயிட் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். வாங்கிய ஆள் பயந்துபோய், பாய்க்கு உடம்புக்கு என்னவோ என்று பக்கத்துக் கடையில் சொன்னார்.

மறுநாள் காலை டீக்கடை முன்னால் கௌஸ் வந்து நின்றார். பள்ளிக்கூட வேன் முதலாளி இருந்தார். மினிபஸ் டிரைவர் இருந்தார். எதிர்ச்சாரியில், சாத்தியிருந்த ஒரு கடைப் படியில் வசந்த்குமார் உட்கார்ந்திருந்தான். கௌஸ் லுங்கியை மடித்துக் கட்டினார். பணிந்து பேச வந்திருக்கிறார் என்று நினைத்தவர்களுக்கு அவரைத் தெரியாது.

“இன்னாய்யா எல்லாம் பாக்கறீங்க? எவனோ ஒருத்தன் வாயில வந்தத நம்பி வண்டிய எட்த்துக்கினு ஓடிட்டீங்க! மூளை கீதா உங்களுக்கு? வசந்த பத்தித் தெரியாது? அவன் கையத் தெரியாது?”

“எவனோ ஒருத்தன் நீதான பாய்,” என்றார் வேன் முதலாளி.

“நான் சொன்னா? நான் சொன்னா நம்பிடுவியா? பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டற, விசாரிக்க மாட்டே?” மூச்சு வாங்கினார். “ஆயில ஊத்துனது வசந்து இல்ல. என் வூட்ல ஊத்துனாங்க. ஊத்தச் சொன்னது…”

“சத்தமா பாய்,” எதிர்ச்சாரியிலிருந்து வசந்த்குமார். “படிக்குக் கேக்கல.”

“நான்தான்டா சொன்னேன்! ஆயில்னு நான்தான் சொன்னேன்! ஆயில், ஆயில், ஆயில்! போதுமாடா? இன்னும் வேணுமா?”

அதற்குப் பிறகு அவர் சொன்னவை அச்சில் ஏறாது. மன்னிப்பு என்ற சொல் அவற்றில் இல்லை. ஆனால் இப்படி ஒரு மன்னிப்பைப் பஜார் அதற்கு முன் கேட்டதும் இல்லை. வேன் முதலாளி டீ கிளாசை வைத்துவிட்டு எழுந்து, ரோட்டைத் தாண்டிப் போய், வசந்த்குமாரிடம் ஏதோ சொன்னார். வசந்த்குமார் தலையை ஆட்டினான். மத்தியானம் வேன் ஷெட்டில் நின்றது.

அம்பாசிடரும் அங்கேதான் நின்றது. அமீனா வந்து டிரைவர் சீட்டில் ஏறி, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பெடல்மேல் காலை வைத்தார். என்ன ஊற்றுவது என்பதில் மறுபடியும் சண்டை வந்தது.

“நாலு ஊத்தலாம் பாய். சீக்கிரம் கொதிக்காது,” என்றான் வசந்த்குமார்.

“நான் இன்னா ஊட்டி மலையா எறங்கப் போறேன்? பெருநகர் போற வண்டிக்கு மூணு போதும்.”

“போன வாட்டி பெருநகர் போயிதான் வயல்ல எறங்கினே.”

“டேய்!”

“சீல் ஒடைக்காத பாட்டில் எதுவோ அத ஊத்துங்க,” என்றார் அமீனா, ஸ்டீயரிங்கைப் பார்த்து. “தொறந்து வச்சது ஈரம் குடிச்சிருக்கும்.” இரண்டு பேரும் தேடினார்கள். சீல் உடைக்காமல் இருந்தது நாலாம் நம்பர். கௌஸ் பல்லைக் கடித்துக்கொண்டு அதையே ஊற்றினார்.

மாஸ்டர் சிலிண்டருக்கு எட்டத்தில் இருக்கும் சக்கரத்தில் தொடங்க வேண்டும், பின்பக்கம், இடது. கௌஸ் அடியில் படுத்தார்.

“அமுக்கு!”

“அமுக்கிட்டேன்.”

“புடி!”

“புடிச்சிக்கினு கீறேன்.”

நிப்பிளிலிருந்து காற்று துப்பிற்று, பிறகு குமிழ்கள், பிறகு வெறும் திரவம். “வுடு!” என்று கௌஸ் கத்தினார். அடியில் படுத்துக்கொண்டு அவ்வளவு கத்தத் தேவையில்லை. ஆறடி தூரத்தில்தான் அமீனாவின் கால் இருந்தது. நாலு சக்கரமும் முடிகிறவரை அமீனா பேசியது அந்த இரண்டு பதில்கள் மட்டும்தான். நிப்பிளைக் கடைசியாக முடுக்கியதும் மறுபடியும் பேச்சு நின்றது.

அதன் பிறகு ஊரில் ஒரு மாற்றம் வந்தது. கௌஸ் கடைக்கு வருகிற ஒருவரும் இப்போது ஆயில் என்று சொல்வதில்லை. “பாய், ஃப்ளூயிட்டு,” என்று குழைந்து கேட்கிறார்கள். மினிபஸ் டிரைவர் கையைக் கட்டிக்கொண்டு, “ஃப்ளூயிட்டுங்களே,” என்கிறார். ஊரே திருந்திவிட்டது. அவர் வாழ்நாள் முழுக்கக் கேட்டது கிடைத்துவிட்டது. அதனால் அவருக்கு வருகிற கோபம் முன்பு வந்ததைவிட இரண்டு மடங்கு.

பெருநகரில் அமீனாவின் தம்பி மறுபடியும் விருந்துக்குக் கூப்பிட்டார். அமீனா வந்தார், பின்சீட்டில், வழியெல்லாம் வாயைத் திறக்காமல். தால்ச்சா பாத்திரத்தைப் பக்கத்தில் வைத்து, அதன் கழுத்தைத் துப்பட்டாவால் சீட்டோடு கட்டியிருந்தார். அந்த வேகத்தடை வந்தது. வயலில் பயிர் எழுந்திருந்தது. கார் இறங்கிய இடத்தில் மட்டும் சொட்டை. கௌஸ் மிதித்தார். அம்பாசிடர் நின்றது. பாத்திரம் அசையவில்லை.

நின்ற பிறகும் அவர் காலை எடுக்கவில்லை. நின்றுவிட்டதை யாராவது பார்க்கட்டும் என்றோ என்னவோ, மிதித்தபடியே இருந்தார். பின்னால் உத்திரமேரூர் பஸ் வந்து ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால் ஒரு டிராக்டர். கௌஸ் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார்.

“வுடு,” என்றார் அமீனா.

“தெரியும்டி!” என்று கத்திவிட்டு, கௌஸ் காலை எடுத்தார்.